பசி என்றுதான் பாடினாள்

வெறும் சட்டியை அகப்பையால் சுரண்டினால் எழும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். சோறு இருக்கிற சட்டியின் சத்தம் வேறு. அது மந்தமாக, கொஞ்சம் ஈரமாக இருக்கும். எழுபதுகளின் நடுவில், மாவுக்கும் அரிசிக்கும் விடிவதற்கு முன்பே வரிசையில் போய் நின்று பல நாள் வெறும் பையோடு திரும்பி வந்த அந்த வருஷங்களில், இலங்கை மலைநாட்டில் லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு 'காம்பரா'விலிருந்தும் அந்தச் சத்தம்தான் கேட்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆகவே இந்த வீட்டுத் தும்மலுக்கு அந்த வீட்டில் 'நூறு' சொல்லலாம். உலையே வைக்காத வீட்டில் அகப்பைச் சத்தமும் வராவிட்டால் பக்கத்துக்குத் தெரிந்து போய்விடும் என்பதற்காக எங்கள் லயத்துப் பெண்கள் வெறும் சட்டியைச் சுரண்டினார்கள். எல்லாரும் சுரண்டினார்கள், எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஆனாலும் சுரண்டினார்கள். 'வயித்துக்குள்ள இருக்கிறத எவ வந்து பாத்தா, வாசல்லதான் ஊரு பாக்கும்' என்பது பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவின் வாக்கு.

என் அம்மா சுரண்டவில்லை. சின்னத்தாயி என்று பெயர். மலையில் கொழுந்து எடுப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று சொல்லும் குரலில்கூட ஒரு சண்டை இருக்கும். அடுப்பில் ஒன்றும் வைக்காத நாளில் அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அடுப்புத் திண்டின் மேல் ஒட்டியிருந்த முருகன் படத்துக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து பாடத் தொடங்குவாள். அது ஏதோ ஒரு பழைய காலண்டரிலிருந்து கிழித்த படம். அடுப்புப் புகையில் ஊறி ஊறி முருகனும் எங்கள் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தார்.

அவள் பாடியது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. மலையில் கொழுந்து எடுக்கும்போது வாய்க்குள்ளேயே உருட்டி உருட்டி, சாயந்தரம் வரும்போது முழுசாகக் கொண்டுவருவாள். நான் கேட்டுக் கேட்டு மனப்பாடமானதை இங்கே அப்படியே தருகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை, அதற்கான காரணம் பின்னால் வரும்.

கோயில்ல ஒன்ன வச்சுக்
கும்புடுறார் ஊராரு – முருகா
கும்பியில நீ இருந்து
கொதிக்கிறத யாரறிவார்?

பசியா வந்தவனே – எம்
பக்கத்துல படுத்தவனே
நீ திங்க ஏதுமில்ல – என்ன
நீயே தின்னுபுட்ட.

'கும்பி' என்றால் வயிறு. கும்பி காயுது, கும்பி எரியுது என்று எங்கள் பக்கத்தில் நாள் தவறாமல் புழங்கிய சொல். அந்தச் சொல்லைச் சாமிப் பாட்டில் வைத்து, அதுவும் முருகனை அதற்குள்ளே குடியேற்றிப் பாடிய இன்னொருத்தியை நான் கண்டதில்லை. பாடி முடித்ததும் அவள் முகம் சோறு தின்றவள் முகம் போல இருக்காது, தவறாக நினைத்துவிடாதீர்கள். பசியோடுதான் இருப்பாள், கண் மட்டும் வேறு எங்கோ போயிருக்கும், கூப்பிட்டால் இரண்டாவது தரம்தான் திரும்புவாள். சின்னப் பிள்ளையான எனக்கு அந்த நேரத்தில் அவளைத் தொடவே பயமாக இருக்கும்.

ஒருநாள் நான் கேட்டேன், பசி சாமியாகுமா என்று. பசி வந்தால் அழுகைதானே வருகிறது, அது எப்படிச் சாமி என்று. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 'விடியிறப்ப யாரு என்ன எழுப்புறா? ஒங்கப்பனா? அதுதான எழுப்புது. மலைக்குப் போற வரைக்கும் கூட வருது, திரும்பி வர்ற வரைக்கும் கூட வருது, படுத்தாலும் பக்கத்துல படுக்குது. இம்புட்டு நெருக்கமா வேற யாரு எங்கூட இருக்கா சொல்லு?' என்றாள். அதற்குமேல் அவள் விளக்கம் சொன்னதில்லை.

பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்த எனக்கு அது புரியவில்லை. ஆனால் பாட்டு பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் வினை வந்தது.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே மாஸ்டர். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பாதி பிரித்து யாருக்காவது கொடுத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்பவர். கோயில் சபைக்கும் அவர்தான் செயலாளர். தலைவர், வேலைக்குப் பெயர் பதியும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குப் பதுளையிலிருந்து கடைக்காரர்கள், உத்தியோகத்தர்கள் என்று ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்திப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்று சபையில் முடிவானது. மாஸ்டர் வகுப்பில் சொன்னார், வீட்டில் யாராவது சாமிப் பாட்டுப் பாடினால் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று.

நான் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். மாஸ்டர் படித்தார். மறுபடியும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தரமும் படித்துவிட்டு, யார் பாடியது என்று கேட்டார். எங்கம்மா என்றேன். அவர் நம்பினார், அதற்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன், ஏனென்றால் பிற்காலத்தில் நம்பாத பெரிய படிப்பாளிகளைப் பார்த்துவிட்டேன். பக்திப் பாட்டில் இது பெரிய நிலை, அடியாருக்கும் ஆண்டவனுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாத நிலை, தன்னையே அவனுக்குத் தின்னக் கொடுக்கிற நிலை என்று என்னென்னவோ சொன்னார். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனாலும் உச்சி குளிர்ந்துபோனது.

பிறகு ஆகாததைச் சொன்னார். கும்பி என்பது நாலு பேர் முன்னால் சொல்லும் சொல் இல்லை. 'படுத்தவனே' என்று ஒரு பெண் சாமியைச் சொன்னால் சிரிப்பார்கள். பசி என்பதைப் பார்த்தாலோ கணக்கப்பிள்ளை ஐயா ஒத்துக்கொள்ளவே மாட்டார். தோட்டத்தில் பட்டினி என்று வெளியாரிடம் புகார் சொன்ன மாதிரி ஆகும், துரை காதுக்குப் போனால் கோயிலுக்கே கரைச்சல். உள்ளே இருக்கிற பொருள் ஒன்றுதான், சொல்லை மட்டும் கொஞ்சம் உயர்த்தி எழுதிக்கொண்டு வா, உன்னால் முடியும் என்றார்.

மாஸ்டரின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கப் போவதில்லை. அழிரப்பர் என் கையில்தான் இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே இருந்த கல்லில் உட்கார்ந்து, நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, எவ்வளவு சந்தோஷமாக அழித்தேன் தெரியுமா? கும்பியை நெஞ்சு ஆக்கினேன். கொதிப்பதை நிறைவது ஆக்கினேன். பசியை அன்பு ஆக்கினேன். படுத்தவனை எழுப்பி நிற்க வைத்தேன். 'தின்னுபுட்ட' என்பது எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை அல்லவா. முடிந்தபோது பின்பாதி இப்படி இருந்தது:

அன்பாய் வந்தவனே – என்
அருகில் நின்றவனே
நான்தர ஏதுமில்லை – என்னை
நீயே ஏற்றாயே.

அன்றைக்கு எனக்கு இது அம்மாவின் பாட்டைவிட அழகாகத் தெரிந்தது. மாஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பதுளையில் அச்சாகி வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. பாட்டுக்குக் கீழே யார் பெயரும் இல்லை. ஒன் பாட்டு பொஸ்தகத்துல வந்திருக்கும்மா என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா அரைத்துக்கொண்டிருந்த அம்மிக்குழவியை நிறுத்திவிட்டு, என்னான்னு போட்டிருக்கு என்று கேட்டாள். நீ பாடுற மாதிரியேதான் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் அரைத்தாள். காலையில் மலைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள், எங்கள் பாட்டுப் பயிற்சியோ பள்ளிக்கூடத்தில் மத்தியானத்தில் நடந்தது. ஆகவே திருவிழா வரைக்கும் என் பொய் பத்திரமாக இருந்தது.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் தோளில் சுமக்கும் சின்னச் சப்பரம்தான். நாங்கள் அதைத் 'தேர்' என்போம். அது கோயிலை விட்டுக் கிளம்பி லயத்துக்கு லயம் நின்று போகும். ஒவ்வொரு லயத்து வாசலிலும் முட்டுக்கட்டை கொடுத்து இறக்கி நிறுத்துவார்கள். பெண்கள் தேங்காய், பழம், கற்பூரத் தட்டு கொடுப்பார்கள். கடைசியில் அந்த லயத்துப் பெண் ஒருத்தி வழியனுப்புப் பாட்டுப் பாடி, சுமக்கிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, 'போய் வா சாமி' என்று சொல்லவேண்டும். அவள் அதைச் சொல்லாமல் தேரைத் தூக்கக்கூடாது. கூப்பிட்ட வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் சாமி எழுந்து போகாது என்பது கணக்கு. துரையே ஜீப்பில் வந்து பாதையில் காத்து நின்றாலும் தேர் நகராது. எங்கள் லயத்தில் வழியனுப்புகிறவள் என் அம்மா.

அந்த வருஷம் சபை ஒரு மாற்றம் செய்தது. விருந்தாளிகள் வருவதால் வழியனுப்புப் பாட்டையும் பிள்ளைகளே புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். பெண்கள் தண்ணீரை ஊற்றிப் போய் வா என்று மட்டும் சொன்னால் போதும் என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள். விருந்தாளிகள் முன்னால் பசி என்று பாடிவிடாமல் சின்னத்தாயி வாயைக் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று எல்லாருக்கும் விளங்கியது. அம்மா எதிர்க்கவில்லை. தன் பாட்டுத்தானே புத்தகத்தில் இருக்கிறது, யார் பாடினால் என்ன என்று நினைத்திருக்க வேண்டும். இப்போது அதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

மழை விட்ட ஒரு பின்னேரம். தேருக்கு முன்னால் நாங்கள் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கையில் புத்தகத்தோடு இரண்டு வரிசையாக வந்தோம். எங்களுக்குப் பின்னால் மாஸ்டர், பக்கத்தில் கணக்கப்பிள்ளை, அவரை ஒட்டி வெள்ளை வேட்டியில் விருந்தாளிகள். தேரின் முன்கொம்பு என் அப்பாவின் தோளில். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மேட்டு லயம், நடு லயம் எல்லாம் நின்று எங்கள் லயத்து வாசலுக்கு வந்து தேர் இறங்கியது. பெண்கள் துவைத்த சேலை கட்டி இஸ்தோப்புத் திண்ணையில் வரிசையாக நின்றார்கள். அம்மா கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு.

கற்பூரம் காட்டி முடிந்ததும் மாஸ்டர் கையை உயர்த்தினார். நாங்கள் பாடினோம். மெட்டு அம்மாவுடையது, ஆகவே முதலில் அவள் முகம் மலர்ந்தது, பக்கத்தில் நின்ற பெரியம்மாவை முழங்கையால் இடித்தாள். பிறகு 'அன்பாய் வந்தவனே' வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. செம்பு அவள் கையிலேயே இருந்தது.

'செல்வி, அது எம்பாட்டா?' என்று என்னிடம் கேட்டாள் அம்மா.

கணக்கப்பிள்ளை, தண்ணிய ஊத்து தாயி, நேரமாகுது என்றார். அம்மாவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பசின்னு நான் பாடுனத யார் எடுத்தது என்று என்னைப் பார்த்தே கேட்டாள். அப்போது மாஸ்டர் முன்னால் வந்தார். பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க, நான்தான் மாத்தச் சொன்னேன், சாமிக்கு முன்னால அந்தச் சொல்லு வேணாமேன்னுதான் என்றார். என்னைக் காப்பாற்றத்தான் வந்தார்.

'சாமிக்குத் தெரியாத சொல்லாய்யா அது?' என்றாள் அம்மா.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கணக்கப்பிள்ளைக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாமி வந்துவிட்டது என்று திருநீறு போட்டு ஓரமாக உட்கார வைத்திருப்பார். அவள் சாதாரணமாக, பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிற குரலில் கேட்டாள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். 'செல்வி, நீ பாடு. நான் சொன்ன மாதிரிப் பாடு' என்றாள் என்னிடம். அத்தனை பேர் பார்க்கிறார்கள். விருந்தாளிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நான் வாயைத் திறந்தேன். 'ப' என்ற எழுத்துக்காக உதட்டைக்கூடச் சேர்த்தேன். வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன! எங்கள் வீட்டில் பசி என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பாடாமல் போனதை நான் யாரிடமும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை, நானும் மன்னித்துக்கொள்ளப் போவதில்லை.

கணக்கப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. தேரைத் தூக்குங்கப்பா என்றார். பின்கொம்பில் இருந்தவர்கள் குனிந்தார்கள். முன்கொம்பில் அப்பா நிமிர்ந்தே நின்றார். கணக்கப்பிள்ளை அவர் பெயரைச் சொல்லி மறுபடியும் தூக்கச் சொன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: 'இன்னும் போய் வான்னு சொல்லலீங்களே.'

அவ்வளவுதான் அவர் பேசியது. வழக்கத்தைத்தான் சொன்னார், அதை மறுத்துச் சொல்ல எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் வாய் கிடையாது. கணக்கப்பிள்ளையிடம் அடுத்த நாள் பெயர் கொடுத்து வேலைக்கு நிற்கவேண்டிய மனிதர் அவர் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். குனிந்தவர்கள் மெதுவாக நிமிர்ந்தார்கள்.

பாடத் தொடங்கியது அம்மா இல்லை. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. வாசல்லதான் ஊரு பாக்கும் என்று சொல்லிச் சொல்லி, எங்கள் லயத்திலேயே அதிக நேரம் வெறும் சட்டியைச் சுரண்டுகிறவர். சுவர் வழியாகத் தினம் கேட்ட பாட்டு அவருக்கும் மனப்பாடமாகத்தானே இருக்கும்! 'பசியா வந்தவனே' என்று கட்டைக் குரலில், இரண்டு பல் இல்லாத வாயால், விருந்தாளிகளின் முகத்துக்கு நேரே எடுத்தார். அடுத்த காம்பராக்காரி சேர்ந்தாள். அதற்கடுத்தவள் சேர்ந்தாள். 'நீ திங்க ஏதுமில்ல' என்ற இடம் வந்தபோது இஸ்தோப்பு முழுக்கப் பாடியது. வருஷக்கணக்கில் சட்டியைச் சுரண்டி மறைத்ததை, அந்தப் பெண்கள் சாமியையும் கணக்கப்பிள்ளையையும் பதுளைக்காரர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி சிரித்தாள். நான் புத்தகத்தை மடக்கி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் ஓய்ந்த பிறகுதான் அம்மா பாடினாள். நான் அதற்கு முன்பு கேட்டிராத அடிகள். அங்கேயே, அந்த நிமிஷத்தில் கட்டியது.

போய்வான்னு சொல்லமாட்டேன் – நீ
போறதுக்கு எடமேது?
எம்பசி தீருமட்டும் – ஒனக்கு
எங்கிட்டதான் குடியிருப்பு.

பாடிவிட்டு நேராக வந்து அப்பாவின் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். மற்ற மூன்று பேர் காலிலும் ஊற்றினாள். 'இப்பத் தூக்குங்க. ஊரச் சுத்திக் காட்டிட்டுக் கொண்டாந்து விடுங்க' என்றாள். போய் வா என்ற வார்த்தையை அவள் கடைசிவரை சொல்லவில்லை. ஆனாலும் தேர் கிளம்பியது, ஏனென்றால் அனுப்பியவள் அவள்தான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அன்று சாயந்தரம் எங்கள் லயத்தில் சட்டி சுரண்டும் சத்தம் கேட்கவில்லை. பதிலாக, ஏய் என்னாடி இருக்கு ஒங்கிட்ட என்று காம்பராவுக்குக் காம்பரா கேட்கும் சத்தம் கேட்டது. இருந்த வீட்டு மரவள்ளிக் கிழங்கு இல்லாத வீட்டுக்குப் போனது. பஞ்சம் தீர்ந்துவிடவில்லை, அதற்குப் பிறகும் வரிசை இருந்தது, வெறும் பை இருந்தது, அந்த மழைக்காலத்தில் மேட்டு லயத்துக் கைக்குழந்தை ஒன்று போய்ச் சேர்ந்தது. ஆனால் எங்கள் லயத்தில் மறுபடியும் யாரும் வெறும் சட்டியைச் சுரண்டவில்லை.

சபை சும்மா விடவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குத் திருவிழாப் பிரசாதம் அனுப்பக்கூடாது என்று முடிவு செய்தார்கள். சேதி வந்தபோது அம்மா வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். 'அனுப்பாட்டிப் போகுது. ஆளு இங்கதான இருக்காரு' என்று வயிற்றைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள்.

என்னை அவள் அடிக்கவில்லை. மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். நான் மாற்றியதை நான்தான் மாற்றினேன் என்று சொல்லி, அழுதுகொண்டே படித்தேன். கவனமாகக் கேட்டாள். ஒரு தரம் கேட்டுவிட்டு இன்னொரு தரமும் படிக்கச் சொன்னாள். 'நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வயிறு நெறஞ்சவ எவளோ பாடுனது' என்று சொல்லிவிட்டு, விறகை உள்ளே தள்ளி அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பக்தி இலக்கியம் படித்தேன். ஆன்மாவைப் பெண்ணாகவும் ஆண்டவனை நாயகனாகவும் பாடுவது, திட்டிப் பாடுவது, தன்னைக் கரைத்துக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் விரிவுரையாளர், பக்திப் பாட்டில் பசி வந்தால் அது உடம்பின் பசி இல்லை, ஆன்மாவின் தாகத்துக்கு உவமை என்றார். நான் எழுந்து, உடம்பின் பசியாகவே இருந்தால் என்ன ஐயா என்று கேட்டேன். அப்படியானால் அது பக்தி ஆகாது, வறுமைப் பாட்டு ஆகிவிடும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு நிறைந்தவர்களுக்கு மட்டும்தான் ஆண்டவனோடு இரண்டறக் கலக்க உரிமை என்று எந்தச் சாமி எழுதிக் கொடுத்தது? மற்றவர்கள் தவத்துக்காகப் பட்டினி கிடந்து பார்க்க முயன்றதை என் அம்மா பட்டினி கிடந்ததால் பார்த்தாள். அதை உவமை என்று சொல்லி அவள் வாயிலிருந்து பிடுங்க நான் விடமாட்டேன். ஒரு தரம் நானே பிடுங்கியது போதும்.

ஆனால் அச்சில் ஏறியது ஏறியதுதான். அந்தச் சின்னப் புத்தகம் கை மாறிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனது. மறுபடி மறுபடி அச்சானது. ஒலிபெருக்கி வந்த பிறகு திருவிழாவுக்குத் திருவிழா 'அன்பாய் வந்தவனே' முழங்கியது. வெலிமடைப் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில்கூட அதைக் கேட்டேன்; பாடிய பெண், இது ரொம்பப் பழைய பாட்டு, யாரோ ஒரு சித்தர் பாடியது என்றாள். 'பசியா வந்தவனே' என்று பாடியவர்களில் பாதிப் பேர், ஒப்பந்தப்படி குடியுரிமைக் கடுதாசி வந்து இந்தியாவுக்குப் போனார்கள். பெரியம்மாவும் போனார். தேயிலைப் பெட்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு பதுளை ஸ்டேஷனில் ரயிலேறியபோது, அழுதுகொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து, போய் வாரேன்னு சொல்லமாட்டேன் புள்ள என்றார். பாட்டில் வந்ததைத்தான் சொன்னார். திரும்பி வரவே இல்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எங்கள் லயம் இருந்த இடத்தில் நாலைந்து தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். கூரை வரைக்கும் சுவர், யார் வீட்டில் என்ன என்று யாருக்கும் கேட்காது. நல்லதுதான், அந்த லயம் போனதற்கு நான் அழமாட்டேன், அதில் பிறந்தவர்கள் யாரும் அழமாட்டார்கள். தேரை டிராக்டரில் வைத்து இழுக்கிறார்கள். அது லயத்துக்கு லயம் நிற்பதில்லை. ஆகவே போய் வா சொல்ல யாரும் தேவைப்படுவதில்லை. அது போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாமியை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க எங்கள் பெண்களுக்கு இருந்த ஒரே இடம் அது.

போன மாதம் கோயில் சபையிலிருந்து ஒரு தம்பி, புதிதாக வந்த செயலாளர், பதுளையில் நான் இருக்கும் வீட்டுக்கு வந்தார். கும்பாபிஷேகத்துக்குப் பாட்டுப் புத்தகத்தை மறுபடியும் அச்சடிக்கிறார்களாம். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி கேட்டு ஒரு பிரதியை வைத்துவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பினேன். சிவப்புப் பேனையை எடுத்து, அன்பை வெட்டிப் பசி என்று எழுதினேன். நெஞ்சை வெட்டிக் கும்பி என்று எழுதினேன். நின்றவனைப் படுக்க வைத்தேன். தேர் நின்ற வாசலில் அம்மா கட்டிய கடைசி நாலு அடியையும் சேர்த்தேன். கீழே, பாடியவர் சின்னத்தாயி, இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் என்று எழுதினேன். மறுநாளே கொடுத்து அனுப்பினேன்.

நேற்று அந்தத் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். மிகவும் தயங்கினார். எல்லாரும் மனப்பாடமாகப் பாடுகிற பாட்டு, சபையில் என்ன சொல்வார்களோ என்று இழுத்தார். பிறகு கேட்டார்: 'இல்ல டீச்சர், வெளியூருல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. சாமிப் பாட்டுல பசி, கும்பின்னு போட்டா நல்லாவா இருக்கும்?'

'நல்லா இருக்காது தம்பி. அப்படியே போடுங்க' என்றேன்.